கை உயர்த்தும்போது மட்டும் எல்லாரும் ஒன்றா?

கொட்டாஞ்சேனைக்காரன்:
எதிரும் புதிருமான கட்சிக்காரர்கள் இந்த இலங்கையில் என்றைக்காவது மனதார ஒன்றுசேர்ந்து ஏதாவது செய்திருக்கிறார்களா? இல்லை என்பது என் வாதம். சேர்கிறார்கள், ஆனால் தங்களுக்காகத்தான் சேர்கிறார்கள்.

நம்ம கொழும்பு மாநகர சபையிலிருந்தே தொடங்குகிறேன். 2025 மே தேர்தலில் 117 உறுப்பினர்கள் தெரிவானார்கள். ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) தலைமையிலான தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்தது 48. தனிப் பெரும்பான்மை யாருக்கும் இல்லை. எதிர்க்கட்சிகள் எல்லாம் சேர்ந்து மேயரைக் கொண்டுவருவோம் என்று வாரக்கணக்காகக் கூட்டம் போட்டன, படம் எடுத்தன. ஜூன் 16 அன்று இரகசிய வாக்கெடுப்பு நடந்தது. தேசிய மக்கள் சக்தியின் விராய் கெலி பல்தசாருக்கு 61, எதிரணியின் ரிசா சரூக்குக்கு 54. 48 போக மிச்ச 13 வாக்கும் எங்கிருந்து வந்தன? சீட்டில் பெயர் இல்லை. வாக்குப் போட்ட எனக்கு, நான் போட்ட ஆள் யாருக்குப் போட்டார் என்றே தெரியாது. இதையும் ‘கட்சி கடந்த ஒத்துழைப்பு’ என்றுதான் சொல்ல வேண்டுமோ?

ஆகஸ்ட்டில் முன்னாள் ஜனாதிபதி ரணில் கைதானபோது பாருங்கள். அவரைவிட்டுப் பிரிந்து தனிக்கட்சி தொடங்கிய சஜித்தின் ஆட்கள், ராஜபக்சக்களின் மொட்டுக் கட்சி, சுதந்திரக் கட்சி எல்லாரும் ஒரே மேசையில். அரிசி விலை ஏறியபோது அந்த மேசை எங்கே போனது?

புதுக்கடைக் கறுப்புக்கோட்டு:
கொட்டாஞ்சேனை அண்ணே, ரணில் கைதான அதே ஆகஸ்ட்டில் நடந்த இன்னொன்றை விட்டுவிட்டீர்கள். ஆகஸ்ட் 5, பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னகோனைப் பதவி நீக்கும் பிரேரணை. ஆதரவாக 177, எதிராக ஒன்றுகூட இல்லை. அதற்குப் பயன்பட்ட சட்டம் 2002ஆம் ஆண்டிலிருந்து புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. முதல் தடவையாக எடுத்துப் பயன்படுத்தினார்கள். அரசாங்கத்திடம் 159 பேர் இருந்தார்கள், தனியாகவே முடித்திருக்கலாம். எதிர்க்கட்சியினருக்கு அதில் என்ன லாபம்? ஒரு பொலிஸ் அதிகாரியைப் பகைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

இன்னும் பின்னால் போவோம். 2001 செப்டம்பரில் அரசியலமைப்பின் 17ஆவது திருத்தம். உயர் பதவி நியமனங்களைக் கட்டுப்படுத்தும் அரசியலமைப்புப் பேரவை, சுயாதீன ஆணைக்குழுக்கள் எல்லாம் அதில் வந்தவைதான். ஜனாதிபதி சந்திரிகாவின் அரசாங்கம் ஜே.வி.பி.யின் தயவில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரம். ஒருவர்கூட எதிர்க்கவில்லை.

யாழ்தேவி_வெள்ளவத்தை:
லோயர் தம்பி, நீங்களே சொல்லிவிட்டீர்கள், ‘தயவில் மூச்சு’ என்று. கழுத்தில் கை வைத்தால் எவரும் ஒத்துழைப்பார்.

நான் கணக்குச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கோ. 2010இல் 18ஆவது திருத்தம்: ஜனாதிபதி எத்தனை தடவையும் போட்டியிடலாம், ஆணைக்குழுக்களுக்குப் பல்லில்லை. ஆதரவு 161. 2015இல் 19ஆவது: அதையெல்லாம் திருப்பிப் போட்டது. ஆதரவு 212, எதிர்ப்பு 1. 2020இல் 20ஆவது: மறுபடி ஜனாதிபதியிடம் எல்லாம். ஆதரவு 156. 2022இல் 21ஆவது: மறுபடி பேரவைக்கு. ஆதரவு 179, எதிர்ப்பு 1. இந்த நான்கு தடவையும் கை உயர்த்திய ஆட்கள் சபையில் இருந்தார்கள். அதிகாரத்தைக் குவிக்கவும் ஒத்துழைத்தார்கள், பிரிக்கவும் ஒத்துழைத்தார்கள். 19க்கும் 21க்கும் எதிராக வாக்களித்த அந்த ஒரே ஆள் சரத் வீரசேகர. அவருடைய கொள்கை எனக்குத் துளியும் ஒவ்வாது. ஆனால் இந்த விஷயத்தில் நின்ற இடத்திலேயே நின்றவர் அவர்தான் என்று சொல்ல வேண்டிய நிலை!

பழைய கதை வேண்டுமா? 1957 ஜூலையில் பண்டா–செல்வா ஒப்பந்தம்: பிரதமர் பண்டாரநாயக்கா தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தோடு அதிகாரப் பகிர்வுக்குச் செய்தது. அக்டோபரில் அதை எதிர்த்து ஐக்கிய தேசியக் கட்சியின் (ஐ.தே.க.) ஜே.ஆர். கண்டிக்கு நடக்கத் தொடங்கினார், இம்புல்கொடவில் மறித்தார்கள். அடுத்த ஏப்ரலில் பிக்குமார் பண்டாவின் ரோஸ்மீட் பிளேஸ் வீட்டுக்கு முன்னால் குந்தியதும் அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். 1965இல் டட்லி–செல்வா: ஐ.தே.க. தலைவர் டட்லி அதே செல்வாவோடு செய்தது. இந்தத் தடவை எதிர்க்கும் முறை சுதந்திரக் கட்சிக்கு. கூடவே இடதுசாரிகளும். 1966 ஜனவரி 8 அன்று தமிழ் மொழிப் பிரமாணங்களுக்கு எதிராக ஊர்வலம். ‘டட்லியின் வயிற்றில் மசாலா வடை’ என்று கத்திக்கொண்டு போனார்கள். கொள்ளுப்பிட்டியில் பொலிஸ் சுட்டு ஒரு பிக்கு செத்தார். சமசமாஜி, கம்யூனிஸ்ட், சுதந்திரக் கட்சி மூன்றும் இவ்வளவு மனமொத்து ஒரு காரியம் செய்ததை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஹட்டன் பொடியன்:
ஐயா, உங்கள் கணக்கில் மலையகம் இல்லையே.

2003 அக்டோபர் 7. இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம். ஆளுங்கட்சி ஐ.தே.க., எதிரே சந்திரிகாவின் கட்சி, அப்புறம் ஜே.வி.பி. அந்த மாதம் பிரதமர் ரணிலும் ஜனாதிபதி சந்திரிகாவும் எந்த நிலையில் இருந்தார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? நவம்பர் தொடக்கத்தில் அந்த அம்மா மூன்று அமைச்சுகளைப் பறித்தே விட்டார். அப்படி முட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இந்தச் சட்டம் ஏகமனதாக நிறைவேறியது. சுமார் 168,000 பேர் நாடற்றவர்களாக இருந்தார்கள். 1948இல் குடியுரிமையைப் பறித்ததன் கடைசி மிச்சம்.

சும்மா காகிதச் சட்டம் இல்லை இது. எங்கள் தோட்டத்து லய வரிசை வீடுகளிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்த அண்ணன்மார் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்குவார்கள். இரவு பொலிஸ் வந்து பதிவுப் புத்தகத்தைப் பார்க்கும். அடையாள அட்டை இல்லாதவனை ஜீப்பில் ஏற்றும். அட்டை கேட்டுப் போனால் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அது இருந்தால் அப்பாவின் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்பார்கள். அதுதான் இருக்காதே. தோட்டத்துப் பெரிய துரை ஒரு கடிதம் கொடுப்பார், அதை மடித்து மடித்துக் கிழியும்வரை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவார்கள். எங்கள் அப்பாயி அட்டை எடுத்தது எழுபது வயசுக்குப் பிறகு. அந்தச் சட்டத்தால்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
தம்பி, உங்கள் அப்பாயிக்கு அட்டை கிடைத்தது சந்தோஷம். அந்த லொட்ஜ் இருந்த தெருவில்தான் என் வீடு, அந்த ஜீப்பை நானும் பார்த்தவன்.

ஆனால் ஏன் ஏகமனதாக நிறைவேறியது? எதிர்த்தால் மலையக வாக்குப் போகும் என்று இரண்டு பெரிய கட்சிக்கும் தெரியும். மலையகத் தலைவர் தொண்டமான் யார் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் ஆட்சி. ஆதரிப்பதால் யாருக்கும் ஒரு சதம் நட்டமில்லை. நட்டமில்லாத இடத்தில் நல்லவனாக இருப்பது பெரிய காரியமா?

ஹட்டன் பொடியன்:
அண்ணே, அப்படியென்றால் 55 வருசமாக ஏன் யாருமே அந்தச் சுலபமான காரியத்தைச் செய்யவில்லை? இந்தியாவோடு செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அதற்குப் பிறகு 1988 சட்டம், எல்லாமே பாதியில் நின்றவை. வாக்குக்காக என்றே வைத்துக்கொள்வோம். என் அப்பாயிக்கு அவர்களுடைய மனசு தேவைப்படவில்லை, அட்டைதான் தேவைப்பட்டது.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் வந்து சொல்ல வேண்டாம். காணி விஷயத்தில் எங்கள் ஆட்களே ஒன்றுசேரவில்லை. ஒருவர் 7 பேர்ச்சஸ் என்றார், மற்றவர் 10 பேர்ச்சஸ் என்றார். இந்திய வீட்டுத்திட்டத்துக்கு யார் அடிக்கல் நட்டது, யார் கல்லைப் பெயர்த்தது என்று தேர்தலுக்குத் தேர்தல் சண்டை. லயம் அப்படியே இருக்கிறது.

மருதானைவாசி:
ஒத்துழைப்புக்கு விலை கொடுத்த சமூகம் நாங்கள். அதனால் கொஞ்சம் காரமாகத்தான் எழுதுவேன்.

2020 ஏப்ரலிலிருந்து கொவிட்டில் மௌத்தானவர்களை அடக்கம் செய்ய விடாமல் எரித்தார்கள். அக்டோபர் 22 அன்று 20ஆவது திருத்தத்துக்கு வாக்கெடுப்பு. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ஹக்கீம் எதிர்த்து வாக்களித்தார். அவருடைய கட்சி எம்.பி.மார் ஆதரித்து வாக்களித்தார்கள்! தலைவரும் கூட்டணியும் ஒரு பக்கம், கட்சி மறுபக்கம். சமூகத்தின் நன்மைக்காக அரசாங்கத்தோடு இணங்கிப் போகிறோம் என்று விளக்கம் வந்தது. சரி, இணங்கிப் போனீர்கள். எரிப்பு அன்றோடு நின்றதா? 2021 பெப்ரவரி கடைசியில்தான் வர்த்தமானி வந்தது. அந்த நாலு மாதமும் பொரளை கனத்தையில் எரிந்தவர்களின் வீட்டுக்குப் போய் ‘கட்சி கடந்த ஒத்துழைப்பு’ என்று சொல்லிப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், சிறுபான்மைக் கட்சி பெரிய கட்சியோடு ஒத்துழைப்பதை இந்தப் பேச்சுக்குள் கொண்டுவரவே கூடாது. அதைப் பேரம் என்று சொல்வதும் பிழை. பேரத்தில் இரண்டு பக்கமும் எதையாவது கொடுக்க வேண்டும்.

புதுக்கடைக் கறுப்புக்கோட்டு:
மருதானை அண்ணன் சொல்வது நியாயமான கோபம். ஆனாலும் ‘கொண்டுவரவே கூடாது’ என்பதை ஏற்க மாட்டேன். 2018ஐ என்ன செய்வீர்கள்?

அக்டோபர் 26 இரவு ஜனாதிபதி மைத்திரி, பிரதமர் ரணிலை நீக்கி மகிந்தவைப் பிரதமராக்கினார். நவம்பர் 9 பாராளுமன்றத்தைக் கலைத்தார். உயர் நீதிமன்றம் 13ஆம் திகதி இடைக்காலத் தடை கொடுத்தது. அடுத்த நாள் 122 எம்.பி.மார் மகிந்தவின் அரசாங்கத்தில் நம்பிக்கையில்லை என்று நின்றார்கள். ஐ.தே.க. மட்டும் இல்லை, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் ஜே.வி.பி.யும் சேர்ந்துதான் 122. பதினாறாம் திகதி சபைக்குள் மிளகாய்த்தூள் பறந்தது, கதிரை பறந்தது. சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிஸ்காரர்கள் சூழ நின்றபடி வாக்கெடுப்பை நடத்தினார். அந்த நாட்களில் ஒரு எம்.பி. கட்சி மாற எத்தனை கோடி பேசப்பட்டது என்று ஊரே பேசியது. அந்தச் சந்தையிலும் கணக்கு உடையவில்லை. டிசம்பர் 13இல் கலைப்பு சட்டவிரோதம் என்று தீர்ப்பு.

இதில் கவனிக்க வேண்டியது டிசம்பர் 12. ரணிலுக்கு நம்பிக்கைப் பிரேரணை வந்தபோது 117 பேர் ஆதரித்தார்கள். கூட்டமைப்பின் வாக்கும் அதில் இருந்தது. ஜே.வி.பி. வரவில்லை. மகிந்தவைப் பின்கதவால் கொண்டுவந்ததை எதிர்ப்போம், அதற்காக ரணிலைத் தூக்கிப் பிடிக்க மாட்டோம் என்றார்கள். பதவி கேட்கவில்லை, அமைச்சு வாங்கவில்லை. நான் ஜே.வி.பி.க்காரன் இல்லை, அவர்களுடைய இன்றைய ஆட்சியில் எனக்கு நூறு குறை உண்டு. ஆனால் அந்த இரண்டு மாதம் அவர்கள் செய்தது சுத்தமான ஒத்துழைப்பு. நீதிமன்றப் படிகளில் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

யாழ்தேவி_வெள்ளவத்தை:
ஓம், சுமந்திரன் உட்பட எங்கட ஆட்கள் நீதிமன்றம் ஏறி ஜனநாயகத்தைக் காப்பாற்றினார்கள். கைதட்டினோம். அதே கூட்டமைப்பு 2016இலிருந்து அரசியலமைப்புச் சபை என்று முழுப் பாராளுமன்றத்தையும் உட்கார வைத்து புதிய அரசியலமைப்புக்கு வேலை செய்ததே, அது என்ன ஆனது? 2017 செப்டம்பரில் இடைக்கால அறிக்கை வந்தது. கட்சிகள் பின்னிணைப்பு எழுதிக் கொடுத்தன. அவ்வளவுதான். கூட்டமைப்புத் தலைவர் சம்பந்தன் ஐயா ஒவ்வொரு தீபாவளிக்கும் தீர்வுக்கு நாள் குறித்துக் குறித்தே 2024இல் போய்ச் சேர்ந்தார்.

1997 ஏப்ரலில் லியாம் பொக்ஸ் என்ற பிரித்தானியர் வந்து சந்திரிகாவுக்கும் ரணிலுக்கும் ஒரு உடன்பாடு செய்து வைத்தார். இனப்பிரச்சினையில் ஆட்சியில் இருப்பவர் செய்வதை மற்றவர் குழப்பக் கூடாது என்று. 2000 ஆகஸ்ட்டில் சந்திரிகா அரசியலமைப்பு வரைவைக் கொண்டுவந்தபோது ஐ.தே.க.வினர் சபைக்குள்ளேயே அதன் பிரதிகளைக் கொளுத்தினார்கள். கையெழுத்துக்கு இவ்வளவுதான் ஆயுசு.

டவுன்ஹோல் குமாஸ்தா:
வணக்கம் பிள்ளைகளே. பென்சன் எடுத்துவிட்டேன், ஆகவே பயமில்லாமல் எழுதலாம். நீங்கள் எல்லாரும் பெரிய பெரிய திருத்தங்களையே பேசுகிறீர்கள். மாநகர சபைக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன்: ஒத்துழைப்பு நடப்பது குழு அறையில். கமரா இல்லாத இடத்தில்.

ஒரு ஒழுங்கையில் வடிகான் அடைத்து, மழைக்கு வீட்டுக்குள் முழங்கால் தண்ணி. இரண்டு கட்சி உறுப்பினர்களும் நிலையியற் குழுவில் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் எழுத, மற்றவர் திருத்தினார், தேநீர் நான்தான் வரவழைத்தேன். வேலையும் முடிந்தது. திறப்பு விழா என்று வந்ததும்தான் கூத்து. கல்லில் ஒரு பெயர்தான். மற்றவர் ஆட்களோடு வந்து ‘இது என் வடிகான்’ என்று கத்தினார். மூடி கிடைத்ததா என்று கேட்ட ஒரு அம்மாவுக்கு இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. மூடி போடப் பிறகு ஒரு வருசமானது. ஆனால் தண்ணி ஓடியது, அதை மறுக்க முடியாது.

பாராளுமன்றத்தில் அரச நிறுவனங்களின் கணக்கை விசாரிக்கும் கோப் குழுவும் அப்படித்தான். மத்திய வங்கிப் பிணைமுறி (அரச கடன் பத்திரம்) விவகாரத்தில் முதல் குழு அறிக்கை முடிப்பதற்குள் 2015 ஜூனில் பாராளுமன்றத்தையே கலைத்தார்கள். அடுத்த குழுவுக்கு ஜே.வி.பி.யின் சுனில் ஹந்துன்நெத்தி தலைவர். எல்லாக் கட்சியும் உட்கார்ந்து விசாரித்தது. 2016 அக்டோபரில் அறிக்கை வந்தபோது ஐ.தே.க. உறுப்பினர்கள் பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்புப் போட்டிருந்தார்கள். மேலே மத்திய வங்கி ஆளுநர் பொறுப்பு என்று இருக்கும், கீழே சின்ன எழுத்தில் இழுபறி. ‘அடிக்குறிப்புக் கோஷ்டி’ என்ற பெயரே வந்துவிட்டது. சிரித்தோம். ஆனாலும் அந்த அறிக்கை வெளியே வந்தது, பிறகு ஆணைக்குழு வந்தது, வழக்கு வந்தது. அடிக்குறிப்பு எழுதியவர்கள்கூடக் குழுவைவிட்டு எழுந்து போகவில்லையே.

கொட்டாஞ்சேனைக்காரன்:
ஐயா, நீங்கள் சொன்ன வடிகான் கதை என் வாதத்துக்குச் சாட்சி. கமரா இல்லாதபோது ஒன்று, கமரா வந்ததும் வேறொன்று. இதில் எது உண்மையான ஆள்?

டவுன்ஹோல் குமாஸ்தா:
இரண்டும்தான் மகன். கத்தாவிட்டால் அடுத்த தேர்தலில் அவருக்கு வாக்கு விழாது. கையெழுத்துப் போடாவிட்டால் வடிகான் வராது. கத்தினதற்காக அவரைத் திட்டுங்கள், வடிகானைக் கணக்கில் சேர்த்துவிட்டுத் திட்டுங்கள்.

புதுக்கடைக் கறுப்புக்கோட்டு:
குமாஸ்தா ஐயாவின் வழியிலேயே யாழ்தேவி ஐயாவின் நான்கு திருத்தக் கணக்குக்கும் பதில் சொல்கிறேன். 18, 19, 20, 21 என்று ஏறி இறங்கியது சரி. ஆனால் ஒவ்வொரு தடவையும் எல்லாம் பழைய இடத்துக்குப் போகவில்லை. 19 கொண்டுவந்த ஐந்து வருடப் பதவிக்காலம், இரண்டு தடவை என்ற எல்லை, இரண்டையும் 20 தொடவில்லை. தகவல் அறியும் உரிமையையும் தொடவில்லை.

தகவல் அறியும் சட்டத்தின் கதையைப் பாருங்கள். கரு ஜயசூரிய எதிர்க்கட்சியில் இருந்தபோது 2011இல் தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவந்தார். அன்றைய அரசாங்கம் தோற்கடித்தது. 2016 ஜூனில் அதே நோக்கத்தோடு சட்டம் வந்தபோது, தோற்கடித்த ஆட்கள் எதிர்க்கட்சியில் இருந்தார்கள். எதிர்க்கவில்லை. ஏன் என்று யோசித்தீர்களா? எதிர்க்கட்சிக்குப் போனவனுக்குத்தான் தகவலின் அருமை தெரியும். சுயநலம்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்று காணாமல் போனவரின் தாயும், காணி இழந்தவரும் அதே சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட முடிகிறது. நோக்கம் அழுக்காக இருந்தாலும் கிணற்றுத் தண்ணி நல்ல தண்ணிதான்.

யாழ்தேவி_வெள்ளவத்தை:
கிணறு வெட்டியதைச் சொன்னீர்கள். மூடியதை நான் சொல்கிறேன்.

2017 செப்டம்பரில் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்தினார்கள். பெண்களுக்கு இடம் ஒதுக்குவது என்று வந்த சட்டமூலத்துக்குள், குழுநிலையில் தேர்தல் முறையையே மாற்றும் திருத்தங்களை நுழைத்தார்கள். எல்லை நிர்ணயம் செய்தால்தான் தேர்தல் என்றாகிவிட்டது. 2018 ஆகஸ்ட் 24 அன்று எல்லை நிர்ணய அறிக்கை வாக்குக்கு வந்தது. எதிராக 139. ஆதரவாக எவ்வளவு தெரியுமா? பூச்சியம். அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! ஐ.தே.க., மகிந்த அணி, எங்கட ஆட்கள், எல்லாரும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். கிழக்கு மாகாண சபை 2017இல் முடிந்தது, வடக்கு 2018இல் முடிந்தது. இன்றுவரை ஆள்வது ஜனாதிபதி நியமித்த ஆளுநர்தான்.

139க்குப் பூச்சியம். இதைவிட ஏகமனதான ஒத்துழைப்பு வேண்டுமா லோயர் தம்பி? இதையும் உங்கள் தராசில் போடுங்கோ.

புதுக்கடைக் கறுப்புக்கோட்டு:
போடுகிறேன் ஐயா. அன்று சபை செய்தது அநியாயம். அறிக்கை மோசம் என்றால் பழைய முறையிலேயே நடத்தியிருக்கலாம். பிறகு சுமந்திரன் அதற்குத் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார், அதுவும் நிறைவேறவில்லை. ஆனால் இது ஒத்துழைப்பே போலி என்பதற்கு ஆதாரம் இல்லை. உண்மையான ஒத்துழைப்பாலும் நாசம் செய்யலாம் என்பதற்குத்தான் ஆதாரம்.

மருதானைவாசி:
இப்போதுதான் ஒரு லோயர் மாதிரிப் பேசுகிறீர்கள் அண்ணே. கட்சிக்காரன் குற்றவாளி, ஆனால் நேர்மையான குற்றவாளி!

ஹட்டன் பொடியன்:
ஹா ஹா. மருதானை அண்ணே, சிரிக்க வேண்டாம், அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 2003இலும் எதிர்ப்பு பூச்சியம், 2018இலும் ஆதரவு பூச்சியம். ஒன்றில் என் அப்பாயிக்கு அட்டை, மற்றதில் யாழ்தேவி ஐயாவுக்கு ஆளுநர். கொட்டாஞ்சேனை அண்ணன் ‘மனதார’ என்று கேட்டதுதான் என்னைக் குழப்புகிறது. மனதை எப்படி அளப்பது?

கொட்டாஞ்சேனைக்காரன்:
அளக்க ஒரு வழி இருக்கிறது தம்பி. தனக்கு வாக்குக் குறையும் என்று தெரிந்தும் சேர்ந்தானா இல்லையா? அவ்வளவுதான். 2018இல் ஜே.வி.பி. ஒரு பிசாசைத் தடுக்க இன்னொரு பிசாசுக்கு உதவியது என்று கெட்ட பெயர் வாங்கியது. அதனால் அந்த ஒன்றை மட்டும் லோயருக்கு விட்டுத் தருகிறேன். 2003இல் யாருக்கும் வாக்குக் குறையவில்லை. 17ஆவது திருத்தத்தில் குறையவில்லை. தேசபந்து விஷயத்தில் குறையவே குறையாது, அந்த ஆளுக்காகத் தெருவில் இறங்க யார் இருந்தார்கள்? தமிழனுக்கு அதிகாரம் கொடுக்கும் விஷயத்தில் சிங்களக் கட்சிகள் இரண்டும் வாக்குக் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஒரு தடவை சேரட்டும். அன்று நானே வந்து இந்தத் தலைப்பை அழிக்கிறேன்.

யாழ்தேவி_வெள்ளவத்தை:
அதுவரைக்கும் தலைப்பு பத்திரமாக இருக்கும். சரி, மாகாண சபைத் தேர்தலை நடத்த வேண்டும் என்று மேடையில் எல்லாக் கட்சியும் சொல்கிறது. இப்போது ஆட்சியில் இருப்பவர்களிடம் மூன்றில் இரண்டு இருக்கிறது, எதிர்க்கட்சிகளின் தயவும் வேண்டியதில்லை. குமாஸ்தா ஐயா, உங்கட குழு அறையில் இதற்கு என்ன சொல்வார்கள்?

டவுன்ஹோல் குமாஸ்தா:
‘அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்போம்’ என்பார்கள். அதில் மட்டும் ஒருநாளும் வாக்கெடுப்புத் தேவைப்பட்டதில்லை.